கரியில் என் முகம்: கண்ணாடியைப் பார்த்து வரைவதா, போன் படத்தைப் பார்த்தா?

தாழம்பூ · கோண்டாவில்

எல்லோருக்கும் வணக்கம். ஏ.எல். வரை சித்திரம் ஒரு பாடமாக எடுத்தேன். அங்கே பெரும்பாலும் பென்சிலும் நீர்வர்ணமும்தான். இப்போது கரியில் என்னுடைய முகத்தையே வரையத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு விஷயம் பிடிபடவில்லை.

முதலாவது நிறம். யூடியூபில் பார்த்த பாடங்கள் எல்லாவற்றிலும் வெள்ளைத் தாளை அப்படியே தோலாக விட்டுவிட்டு, நிழல் விழும் பக்கத்தில் மட்டும் கரி பூசுகிறார்கள். நானும் அப்படிச் செய்தால் மூக்கும் கண்ணும் என்னுடையவையாக வருகின்றன, முகம் மட்டும் யாரோ ஒரு வெள்ளைப் பெண்ணுடையது. நான் மாநிறத்துக்கும் ஒருபடி கறுப்பு. என் நிறத்துக்கு ஏற்றபடி கரியைக் கூட்டினால் கன்னமும் மூக்கும் தாடையும் ஒன்றோடொன்று கலந்து, எங்கே எது என்றே தெரியாமல் போகிறது.

இரண்டாவது கண்ணாடி. தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் தலை முன்பு இருந்த இடத்தில் இல்லை. வெயிலும் நகர்ந்துவிடுகிறது. போனில் ஒரு படம் எடுத்து அதைப் பார்த்து வரை என்று சிநேகிதி சொல்கிறாள். அப்படிச் செய்யலாமா? கரி, தாள், வரைந்ததைக் கலையாமல் வைப்பது பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடலி · சுன்னாகம்

தங்கச்சி, போன் படத்தை வைத்தே வரையுங்கள். நான் கனகாலமாக ஆட்களின் படங்களைப் பார்த்துப் பெரிதாக வரைந்து கொடுக்கிறேன். பெரும்பாலும் செத்தவீட்டுக்காரர் கேட்பது. அந்தியேட்டிக் கிரியைக்கு முன்பு முடித்துக் கொடுக்க வேண்டும். பல நேரம் கையில் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் கட்டம் போட்டு, தாளிலும் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டால் அளவு பிசகாது. முகம் அசையாது, வெளிச்சம் மாறாது. கண்ணாடியோடு மல்லுக்கட்டினால் பாதி நேரம் தலையைத் திரும்பச் சரிப்படுத்துவதிலேயே போய்விடும்.

ஒன்று மட்டும். போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து எடுக்காதீர்கள். மூக்கு பெருத்து, காது சிறுத்துப் போகும். போனைத் தள்ளி வைத்து, ஆறேழு அடி தூரத்தில் நின்று, படத்தைப் பிறகு வெட்டிப் பெரிதாக்குங்கள். முகத்தை வெள்ளையாக்கும் ‘பியூட்டி’யை நிறுத்திவிடுங்கள்.

முற்றத்துவேம்பு · உடுவில்

வடலித் தம்பி சொன்ன தூரக் கணக்கு சரி. ஆனால் பிள்ளை கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அதுதான் பெரிய கேள்வி. நான் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

பிள்ளை, வெள்ளைத் தாளில் தொடங்காதேயும். கரிக்குச்சியைப் படுக்கவைத்துத் தாள் முழுக்க மெல்லிசாகத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் வட்டமாகத் தடவிவிடும். தாள் முழுதும் ஒரே சாம்பல் நிறமாகும். அந்தச் சாம்பல்தான் உம்முடைய முகத்தின் வெளிச்சப் பக்கம். இனி இரண்டு திசையிலும் வேலை செய்யலாம்: இருட்டு வேண்டிய இடத்தில் கரி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் அழிறப்பர். வெள்ளைத் தாளில் ஒரே திசைதான் இருக்கிறது, கறுப்பை நோக்கிப் போவது மட்டும். அதனால்தான் எல்லாம் ஒரே கறுப்பில் போய் முட்டுகிறது.

வெள்ளைத் தோலில் முகத்தின் மேடுபள்ளத்தை நிழல் காட்டுகிறது. எங்கள் தோலில் அந்த வேலையில் பாதியை மினுக்கம் செய்கிறது. யன்னலுக்குப் பக்கவாட்டாக இருந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கண்ணாடியைப் பாரும். நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு திட்டு, மூக்குத்தண்டில் ஒரு கோடு, மூக்கு நுனியில் ஒரு புள்ளி, கன்னத்து எலும்பின் மேல் ஒரு கீற்று, கீழுதட்டில் ஒன்று. எங்கள் ஊர் வெக்கையில் வியர்வை வேறு சேர்ந்து அதைக் கூட்டிக் காட்டும். இந்த மினுக்கங்கள் இருக்கும் இடத்தையும் உருவத்தையும் சரியாகப் பிடித்தால், நிழல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் முகம் எழும்பி நிற்கும். அவற்றின் ஓரம் பல இடங்களில் கூர்மையாக இருக்கும். விரலால் தேய்த்து மழுப்பிவிடக் கூடாது.

ஒரு துண்டுத் தாளில் வெள்ளையிலிருந்து முழுக் கறுப்பு வரை 9 கட்டம் வரைந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வையும். உம்முடைய நெற்றி 4 அல்லது 5இல் விழும், கழுத்தின் நிழல் 7இல் விழும். 9ஆம் கட்டத்தைத் தலைமயிருக்கும் மூக்குத் துவாரத்துக்கும் வாயின் நடுக்கோட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளும். தோலில் 9 வந்துவிட்டால் அந்த இடத்தில் முகம் ஓட்டையாகத் தெரியும். கண்ணின் வெள்ளைக்குக் கட்டம் 1 கொடுக்கவே கூடாது. இமையின் நிழலில் இருப்பது அது.

கறுத்த முகம் வரையக் கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதேயும். நடுநிறங்கள் அத்தனையும் எங்கள் முகத்தில் இருக்கின்றன. கரியின் பலமே நடுநிறத்தில்தான்.

தாழம்பூ · கோண்டாவில்

ரீச்சர், மிக்க நன்றி. மினுக்கம் பற்றி எந்தப் பாடத்திலும் நான் கேட்டதில்லை. ஒரு சந்தேகம். நான் எப்போதும் திருநீறு பூசுவேன், அதையும் வரைய விரும்புகிறேன். நெற்றி மினுக்கத்தையும் வெள்ளையாக எடுத்துவிட்டால் திருநீற்றுக்கு நிறம் மிஞ்சாதே?

முற்றத்துவேம்பு · உடுவில்

அதுதான் நல்ல கேள்வி. தாளின் முழு வெள்ளையைத் திருநீற்றுக்கு என்று ஒதுக்கி வையும். மினுக்கத்தை 2 அல்லது 3இல் நிறுத்தும். அழிறப்பரை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தால் அந்த அளவில் நிற்கும். திருநீற்றைக் கடைசியில், அழிறப்பரைக் கத்தியால் கூர்முனையாக வெட்டி, ஒரே இழுப்பில் எடும். திருநீறு தோலின் மேல் இருக்கும் தூள், அதற்கு மினுக்கம் இல்லை. அதனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் வேறுவேறாகத் தெரியும்.

கரியை எடுக்கப் பிசையும் அழிறப்பர் வேண்டும். கிடைக்காவிட்டால் சுவரில் படம் ஒட்டும் புளூடாக் பாவிக்கலாம். பாணின் நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை உருட்டியும் எடுக்கலாம். அழிறப்பர் வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் ஓவியர்கள் பாணால்தான் கரியை அழித்தார்கள். பட்டர் சேர்ந்த பணிஸ் வேண்டாம், எண்ணெய்ப் பசை தாளில் ஏறிவிடும். பாணால் அழித்தால் துகள்களைத் தட்டிவிட்டுத்தான் எழும்ப வேண்டும், எறும்பு வரும்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல், 13 வயதில், வெள்ளிமுனையால், அதாவது கூரான வெள்ளிக் கம்பியால், தன் முகத்தை வரைந்தார். வெள்ளிமுனைக் கோட்டை அழிக்க முடியாது. கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத் தானே வரைந்ததாக அந்தத் தாளிலேயே பிறகு எழுதியும் வைத்தார். வியன்னாவில் அல்பர்டினா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கரிக்கு வந்தால் நீர் கட்டாயம் பார்க்க வேண்டியவர் கேத்தே கொல்விட்ஸ். ஜேர்மன்காரி, 1867இல் பிறந்தவர். முதலாம் உலகப் போரில், 1914இல், இளைய மகனைப் பறிகொடுத்தவர். வாழ்க்கை முழுதும் தன் முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1933இல் கரியில் வரைந்த ஒன்றில் முகம் பக்கவாட்டில், நிதானமாக, கவனமாக வரையப்பட்டிருக்கிறது. கை மட்டும் ஒரே வேகத்தில் வளைந்து வளைந்து போகும் ஒரு தடித்த கரிக்கோடு. வரைந்துகொண்டிருக்கும் கை அது. நாசிகள் அவரைப் பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்து வெளியேறவைத்த அதே வருடம். அந்தப் படத்தைப் பார்த்தால் கரியில் எதை முடிக்க வேண்டும், எதை முடிக்காமல் விடலாம் என்பது விளங்கும்.

கிளுவைவேலி · காரைநகர்

கரி பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கடையில் இரண்டு வகை வரும். ஒன்று குச்சிக்கரி, சுள்ளியை அப்படியே சுட்டது. மற்றது கரித்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது. இரண்டாவது நல்ல கறுப்பு, ஆனால் லேசில் அழியாது. அதை எல்லாம் முடிந்தபிறகு தலைமயிருக்கும் 9ஆம் கட்டத்துக்கும் மட்டும் எடுங்கள். பென்சிலால் கீழே கோடு போட்டுவிட்டு அதன்மேல் கரி பூச வேண்டாம். பென்சில் கோடு வழுவழுப்பானது, கரி அதில் பிடிக்காது.

குச்சிக்கரிக்குக் கொழும்பிலிருந்து பார்சல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வளவிலேயே சுடலாம். நான் வேலிக் கதியால் வெட்டும்போது மிஞ்சும் சுள்ளிகளில் தொடங்கினேன். முருங்கை சரியான மென்மை, கையில் எடுக்கவே உதிர்ந்துவிடும். கிளுவை பரவாயில்லை. புளியங்குச்சிதான் எனக்குப் பிடித்தது. ஆந்திராவில் ஶ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி என்ற துணி ஓவியம் எழுதுபவர்களும் முதல் கோட்டைச் சுட்ட புளியங்குச்சியால்தான் போடுவார்கள். சிரட்டைக்கரி வேண்டவே வேண்டாம். இறுகின சாமான், தாளைக் கீறிவிடும்.

பென்சில் மொத்தத்தில் நேரான சுள்ளி எடுத்து, பட்டையை உரித்து, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் வெடிக்கும். பால்மாப் பேணி ஒன்றில் நெருக்கி அடுக்கி, இடைவெளியை மணலால் நிரப்பி, மூடியில் ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போட்டு மூடுங்கள். பனைமட்டையும் ஊமலும் (உள்ளீடு எடுத்த பனங்கொட்டை) எரியும் அடுப்பில் வையுங்கள். முதலில் ஓட்டையால் வெள்ளைப் புகை வரும், அது தண்ணீர். பிறகு வருகிற புகை மஞ்சளாக, தீப்பிடிக்கக்கூடியதாக இருக்கும். புகை நின்றதும் பேணியை இறக்கி, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து, முழுக்க ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். இங்கேதான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் சாம்பலாகிவிடும். ஆறியபின் ஒரு குச்சியை முறித்துப் பாருங்கள். உள்ளே மண்ணிறம் தெரிந்தால் இன்னும் சுட வேண்டும்.

ரீச்சர் சொன்ன சாம்பல் அடிநிறத்துக்கு ஊமற்கரி நல்லது. முந்தி பல் தீட்டிய அதே ஊமற்கரிதான். இடித்து, மெல்லிய துணியில் அரித்து எடுத்த தூளைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் தாள் முழுதும் ஒரே சீராக ஏறும். ஊதாதீர்கள். மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, தாளின் கீழே பேப்பரை மடித்து வைத்தால் தூள் அதில் விழும்.

பனிக்காற்று · ஸ்காபரோ

நல்ல இழை. வெயில் நகர்கிறது என்று தங்கை சொன்னதற்கு ஒரு வழி: வடக்குப் பார்த்த யன்னல் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். நேர் வெயில் வராது, வெளிச்சம் நாள்முழுதும் ஒரே மாதிரி இருக்கும். நான் இங்கே அப்படித்தான் வரைகிறேன்.

கிளுவைவேலி · காரைநகர்

பனிக்காற்று அண்ணை, கனடாவுக்கு அது சரி. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட வடக்கு 9.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் மத்தியானச் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதன்பிறகு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியானத்தில் அது வடக்குப் பக்கம்தான் நிற்கும். அதாவது ஏறக்குறைய நல்லூர்த் திருவிழாக் காலம் முடியும்வரை வடக்கு யன்னலை நம்ப முடியாது. அந்த மாதங்களில் தெற்கு யன்னல்தான் எங்களுக்கு அமைதியான வெளிச்சம் தரும். மார்கழி, தையில் வடக்கு யன்னலுக்கு மாறலாம்.

அதைவிடச் சுலபம், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் இருப்பது. காலை ஏழரைக்கு இருந்தால் மறுநாளும் ஏழரைக்கே இருங்கள், ஒன்பதுக்கு எழும்பிவிடுங்கள். அல்லது இரவில் ஒரேயொரு மின்குமிழை ஒரு பக்கத்தில், தலைக்குச் சற்று மேலே வைத்து வரையலாம். மற்ற லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

முற்றத்துவேம்பு · உடுவில்

தெற்கு யன்னல் விஷயத்தைக் கிளுவைவேலி வடிவாகச் சொல்லிவிட்டார். தலை நகர்வதற்கும் வழி இருக்கிறது. கண்ணாடியில் மூக்கு நுனி தெரியும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டும். நிமிரும்போதெல்லாம் மூக்கை அந்தப் பொட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். கதிரைக் கால்களைச் சுற்றிச் சோக்கால் நிலத்தில் கோடு போட்டுவிடும்.

இன்னொன்று. கண்ணாடிப் பரப்பில் தெரியும் உம்முடைய முகம் எப்போதும் உண்மை முகத்தின் பாதி அளவுதான். கிட்டப் போனாலும் தள்ளி வந்தாலும் பாதிதான். சோக்கால் கண்ணாடியில் தலை உச்சியையும் தாடையையும் குறித்து அளந்து பாரும். ஆகவே கண்ணாடியில் அளந்ததை அப்படியே தாளில் வைத்தால் முகம் சின்னதாக வரும், முழு அளவு வேண்டுமானால் இரண்டால் பெருக்க வேண்டும்.

வடலி · சுன்னாகம்

ரீச்சர், உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் படம் பார்த்து வரைவதைக் குறைத்துப் பேசினால் மனம் கேட்காது. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது ஆல்பம் எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? அதற்குப் பிறகு வன்னியில் தொலைத்தவர்கள் எத்தனை பேர்? என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரு கலியாணவீட்டுக் கூட்டப் படத்தைக் கொண்டுவந்து, பின்வரிசையில் பாதி மறைந்து நிற்பவரைக் காட்டி, ‘இவர்தான் அப்பா’ என்கிறார்கள். அந்த நகத்தளவு முகத்திலிருந்துதான் நான் வரைய வேண்டும். படம் இல்லாவிட்டால் அவர்களுக்கு எதுவுமே இல்லை.

நிறம் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வெள்ளையாக வரைந்து தாருங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்ரூடியோக்களில் வெள்ளையாக்கிய படங்களையே பார்த்துப் பழகிவிட்டார்கள். ஒரு அக்கா மட்டும் தாயின் படத்தைத் தந்து, ‘அம்மா தோட்டத்தில் நின்று கறுத்தவ, அந்தக் கறுப்பை எடுத்துவிடாதேங்கோ’ என்றார். அந்த நிறத்தைக் கொண்டுவர நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். உங்கள் சாம்பல் அடிநிறமும் மினுக்கமும் அடுத்த படத்திலிருந்து என் மேசையிலும் இருக்கும்.

முற்றத்துவேம்பு · உடுவில்

தம்பி, நீங்கள் செய்வது பெரிய வேலை. அதைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். இங்கே வரைந்தவையே எவ்வளவு போய்விட்டன. ஓவியர் மாற்கு மாஸ்டரின் படைப்புகளிலும் பல இடப்பெயர்வில் தொலைந்து போனவைதானே.

நான் சொல்வது சுயஉருவப்படத்துக்கு மட்டும். உங்களிடம் வருகிறவர்களுக்கு அந்த முகம் இப்போது முன்னால் இல்லை, அதனால் படம் வேண்டும். தாழம்பூவுக்கு முகம் முன்னாலேயே இருக்கிறது. போன் ஒரு நொடியில் ஒரு வெளிச்சத்தைத் தானே தீர்மானித்து, கறுத்த தோலின் நடுநிறங்களைப் பல நேரம் ஒன்றாக நசுக்கியோ வெளிறவைத்தோ கொடுக்கிறது. எந்த நிறம் எங்கே இருக்கிறது என்ற முடிவைப் போன் எடுத்துவிட்டால் பிள்ளைக்குப் பார்க்க என்ன மிச்சம்? கண்ணாடியில் அந்த முடிவு அவருடையது. அளவைச் சரிபார்க்கப் படம் எடுக்கட்டும், நிறத்தைக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பனிக்காற்று · ஸ்காபரோ

முடித்தபின் பிக்ஸட்டிவ், அதாவது கரி உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பு, அடிக்காமல் விடாதீர்கள். வெளியே வைத்து, ஓரடி தூரத்திலிருந்து, மெல்லிசாக இரண்டு மூன்று தரம். ஒரேயடியாக நனைத்தால் நடுநிறங்கள் இருண்டுவிடும். கிடைக்காவிட்டால் கொழுப்பெடுத்த பாலைத் தண்ணீர் கலந்து தெளிக்கலாம், வான்கோ தன் வரைபடங்களுக்குப் பால் பாவித்திருக்கிறார்.

கிளுவைவேலி · காரைநகர்

பால் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெறும் தாளே பூஞ்சணம் பிடிக்கும். பிக்ஸட்டிவ் இல்லாவிட்டால் ஒன்றும் அடிக்காமல் நேரே பிரேம் போடுங்கள். கண்ணாடி தாளில் முட்டாமல் சுற்றிவர மட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் போட விடாதீர்கள். அதன் மின்னேற்றம் கரித்தூளைத் தாளிலிருந்து இழுத்துவிடும். வெளிச்சுவரில் மாட்டவும் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் ஊறும்.

தாழம்பூ · கோண்டாவில்

எல்லோரும் சொன்னபடி செய்கிறேன். சாம்பல் தடவி, தெற்கு யன்னலுக்குப் பக்கத்தில் காலையில் இருந்து வரைகிறேன். முதல் தடவையாகத் தாளில் என் நிறம் வந்திருக்கிறது! மூக்குத்தண்டின் மினுக்கத்தை ஒற்றி எடுத்த உடனேயே மூக்கு முன்னால் வந்துவிட்டது.

அம்மாவுக்குக் காட்டினேன். ‘வடிவாக இருக்கு, ஆனால் நீ இப்படி இல்லையே’ என்கிறார். மூக்குத்தி பக்கம் மாறியிருக்கிறது, வகிடும் அப்படித்தான். எனக்கு அது நான் மாதிரியே தெரிகிறது. மாற்ற வேண்டுமா?

முற்றத்துவேம்பு · உடுவில்

இரண்டு பேர் சொல்வதும் சரி. யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இல்லை. நீர் உம்மைக் கண்ணாடியில் பார்த்துப் பழகினீர், அம்மா உம்மை நேரே பார்த்துப் பழகினவ. கண்ணாடியில் தெரிந்ததை வரைந்தால் அப்படியே விடுவதுதான் வழக்கம். மூக்குத்தியை மட்டும் பக்கம் மாற்றினால் மற்ற எல்லாம் பிசகும், அதைச் செய்யாதேயும்.

அம்மா பார்க்கும் முகம் வேண்டுமானால் இரண்டு கண்ணாடியைப் புத்தகம் விரித்த மாதிரிச் சரியாக 90 பாகையில் சேர்த்து நிறுத்தும். நடுவில் தெரியும் முகம் இடம்வலம் மாறாமல் வரும். இணைப்புக்கோடு முகத்தின் நடுவே போகும், அதையே மூக்குக்கு நடுக்கோடாக வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக் கடையில் ஓரம் சீவிய துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் ஓரடிக்கு ஒன்றரை அடி, வெட்டச் சொல்லும். தடித்த ஓரச் சட்டம் இருக்கக் கூடாது.

வடலி · சுன்னாகம்

தங்கச்சி, என்னிடம் அந்த அளவில் சட்டம் போடாத கண்ணாடித் துண்டு இரண்டு சும்மா கிடக்கிறது. தனிமடலில் எழுதுங்கள், சனிக்கிழமை கோண்டாவில் பக்கம் வருவேன். அம்மா பார்க்கும் முகத்தையும் வரைந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே போடுங்கள்.